பள்ளியிற் கூத்து

தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாகப் பகுத்து வழங்குதல் பழைய மரபு. ஆயினும் பள்ளியின் வாயிலை அம்மூன்றும் ஒருங்கே கடக்கவில்லை. இயல் உள்ளே சென்று பாடமாயிற்று. இசை காலை வழிபாட்டுக் கூட்டத்தின் பாட்டாக வாயிலளவில் நின்றது. நாடகமோ ஆண்டு விழாவுக்கு மட்டும் அழைக்கப்பெறும் விருந்தாயிற்று. அண்மைக் காலத்தில் இந்நிலை மாறி வருகின்றது என்பர். பள்ளி மாணாக்கர்க்கு ஆடலும் பாடலும் கூத்தும் அறிமுகம் செய்யும் முயற்சிகள் அரசாலும் பிறராலும் பெருகியுள்ளன. அவற்றுள் கூத்துப்பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அவை கற்பிப்பன யாவை, கற்பியாது விடுவன யாவை எனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் இருப்புப் பாதையில், மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையில், அனுப்பம்பட்டு என்னும் சிறு நிலையம் உள்ளது. அதற்கு வடகிழக்கே பழவேற்காட்டு ஏரியும், ஏரியை அடுத்த மீனவர் குப்பங்களும் பரந்து கிடக்கின்றன. இந்நிலப்பகுதியில் ஏழாம் வகுப்பிற் பயிலும் மாணவன் ஒருவனை நினைத்துக்கொள்வோம். கூத்து அவனை மூன்று வழிகளில் வந்தடையக்கூடும். பள்ளிக்குக் கலைஞர் வந்து ஒரு மணி நேரம் ஆடிக்காட்டுவது ஒரு வழி. போட்டியில் அவனே சில மணித்துளிகள் வேடம் புனைந்து ஆடுவது மற்றொரு வழி. இவ்விரண்டும் பள்ளி அமைத்துத் தருவன. மூன்றாவது வழி பள்ளி அறியாதது. திரௌபதியம்மன் கோயில் உள்ள ஊரொன்றில் உறவினர் வீட்டுக்குச் சென்று, பாரத விழாவில் விடிய விடிய அமர்ந்து அவன் கூத்துக் காண்பது அது. மறுநாள் வகுப்பில் அவன் உறங்கினால் அதற்குத் தண்டனையும் பெறுவான்.

முதல் வழியைப்பற்றி நெடிது கூற வேண்டுவதில்லை. 1977-இல் கிரண் சேத் தோற்றுவித்த ஸ்பிக் மேக்கே இயக்கம், நாட்டின் சிறந்த கலைஞரைப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் அழைத்துச் சென்று, விளக்கத்தோடு கூடிய நிகழ்ச்சிகளை நடத்தி வருகின்றது. அரங்கிற்குக் கட்டணம் கொடுத்துச் செல்ல இயலாத பிள்ளைகளும் பெருங்கலைஞரை நேரிற் காண இதனால் வாய்ப்பு உண்டாயிற்று. அது சிறிய பயனன்று. ஆனால் இம்முறை சுவைஞரை ஆக்குவதற்கு வகுக்கப்பெற்றது. கூத்தின் அவையோ அத்தகைய சுவைஞரால் அமைவதன்று. அங்கே குழந்தை தாயின் மடியில் உறங்கும். திரைக்குப் பின்னின்று வேடம் பாடத் தொடங்கியதும் எழுப்பப்பெறும். துரியோதனன் சுழன்றாடும் கிறுகியைக் கண்டு மீண்டும் உறங்கும். விடியற்காலையில் சாவைக் காண மறுபடியும் எழும். உறக்கத்துக்கு இடங்கொடுத்து அமைந்த கலை கூத்து. மணியடித்ததும் எழுந்து செல்லும் வகுப்பிற்கு அதனை எடுத்துவரின், கட்டியங்காரன் சொல்லும் நகை வருமேயன்றி, அந்நகை தோன்றும் நள்ளிரவு வாராது.

இரண்டாம் வழி சற்று விரித்து நோக்குதற்குரியது. தமிழ்நாட்டு அரசின் பள்ளிக்கல்வித் துறை 2022-ஆம் ஆண்டு முதல் அரசுப் பள்ளி மாணாக்கர்க்குக் கலைத் திருவிழா என்னும் பெயரில் போட்டிகளை நடத்தி வருகின்றது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாக ஏறும் இப்போட்டிகளில் சிறந்தோர்க்குக் கலையரசன், கலையரசி என்னும் விருதுகள் வழங்கப்பெறுகின்றன. இசைக்கும் ஓவியத்துக்கும் உரிய இடம் நாட்டுப்புறக் கலைகளுக்கும் நாடகத்துக்கும் இங்குக் கிடைத்துள்ளமை பாராட்டுதற்குரியது. சிற்றூர்ப் பிள்ளைகள் மாநில மேடையேறியமையும் உண்மை. குறை வேறிடத்தில் உள்ளது. மாணவன் அப்போட்டிக்காகக் கற்பது கூத்தன்று, கூத்தின் சுருக்கம்.

கர்ண மோட்சக் கூத்தை எடுத்துக்கொள்வோம். பதினேழாம் நாட்போரிற் கர்ணன் வீழ்ந்தபின், கண்ணன் அந்தணனாக வந்து அவன் செய்த புண்ணியம் அனைத்தையும் இரந்து பெறும் நிகழ்ச்சியை வில்லிபுத்தூரார் பாடியுள்ளார். கூத்தும் அதிலேதான் சென்று முடிகின்றது. ஆயின் கூத்து அங்குத் தொடங்குவதில்லை. போருக்குப் புறப்படும் கர்ணன் தன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறச் செல்கின்றான். பொன்னுருவி, நாட்டார் மரபு தன் போக்கில் வளர்த்தெடுத்த பாத்திரம். குலத்தைக் காரணங்காட்டிக் கணவனை ஏற்காது நின்றவள், அவன் பிறப்பை அறிந்து மனம் மாறும்போது இரவு பாதி கழிந்திருக்கும். சல்லியனைத் தேர்ப்பாகனாகப் பெறும் வாதம் அதன்பின் வரும். இவை யாவற்றையும் தாண்டிய பிறகே அவை விடியற்காலையில் அச்சாவினை அடைகின்றது. போட்டி மேடையில் எஞ்சுவது யாது? அம்பு தைத்தலும் அந்தணன் வருதலுமே. பொன்னுருவி இல்லாத கர்ணன் கொடையாளியாக மட்டும் இறக்கின்றான். குலத்தால் இகழப்பெற்று, இகழ்ந்தவளே உணர்ந்த அன்றே பிரிந்து செல்பவனாக அவன் இறப்பதில்லை. அவலச்சுவை சுருங்கவில்லை, அதன் வேரே அறுபட்டது. வேடம் புனைந்த சிறுவனும் தான் அழுவதன் காரணத்தை அறியாமல் அழுகின்றான்.

இதற்கு மறுப்பு ஒன்று எழும். சுருக்கம் ஆகாதெனின், ஈழத்துப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் செய்தது யாது? பேராதனைப் பல்கலைக்கழக மாணாக்கரைக் கொண்டு மட்டக்களப்புக் கூத்து மரபை 1962-இல் கர்ணன் போர் என்றும், அடுத்த சில ஆண்டுகளில் இராவணேசன் முதலியனவாகவும் அவர் மேடையேற்றினார். விடியுமளவும் நிகழ்ந்த கூத்து அங்கே ஏறக்குறைய ஒரு மணி அளவினதாயிற்று. அச்சுருக்கம் ஈழத்தமிழரங்கிற்குப் புத்துயிர் அளித்ததென்பதை அறிஞர் பலரும் ஒப்புவர். இம்மறுப்பு வலியுடையதே. ஆயின், அங்கே முழுமையை அறிந்த அண்ணாவியார் ஆட்டமும் தாளமும் பயிற்றினர். மரபை ஆராய்ந்தவர் சுருக்கினார். பயில்வோர் ஆட்டக்கோலங்களை முறையாகக் கற்ற பின்னரே மேடைக்கு வந்தனர். சுருக்கப்பெற்றது காண்பவரின் நேரம், கற்பவரின் நேரமன்று. இன்றைய பள்ளிப் போட்டியில் இவ்விரண்டும் ஒன்றாக மயங்குகின்றன. காட்சி பத்து மணித்துளி என்பதனால் பயிற்சியும் பத்து நாளாகின்றது. சுருக்கம் காண்பார்க்கு ஆகலாம். கற்பார்க்கு ஆகாது என்பதே எம் கருத்தாகும்.

கற்பார்க்கு வேண்டும் காலத்தைப்பற்றிச் சிலப்பதிகார அரங்கேற்றுகாதை ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகின்றது. மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் ஆண்டில் அரங்கேறினாள். அவளுக்கு ஆடலாசான் ஒருவன் மட்டும் ஆசிரியனல்லன். இசையாசிரியன், பாட்டியற்றும் புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் எனப் பலரும் சூழ நின்று அக்கல்வியை ஆக்கினர். புலவனும் அவருள் ஒருவன் என்பது தமிழ்த்துறையினர் சிறப்பாக நினைவிற் கொள்ளத்தக்கது. மாதவி கணிகையர் குலத்திற் பிறந்தவள், அவளுக்கு அதுவே தொழில், பொன்னேரிப் பக்கத்து மாணவனுக்கு ஏழாண்டு எதற்கு என வினவலாம். அவ்வினாவிற்கு விடை காண, பிள்ளைகளுக்குக் கூத்தையே கல்வியாக்கிய இரு முயற்சிகளை ஒப்பிடுதல் வேண்டும்.

முதலாவது, சங்கரதாச சுவாமிகளின் பாலர் சபை. 1918-இல் மதுரையில் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை சிறுவர்களையே நடிகராகக் கொண்டது. தி. க. சண்முகம் உடன்பிறந்தார் அவ்வாண்டிலேயே அதிற் சேர்ந்தனர். பிற்காலத்தில் திரையுலகிற் பெரும்புகழ் எய்திய ம. கோ. இராமச்சந்திரனும் சிவாஜி கணேசனும் இவ்வகைச் சிறுவர் குழுக்களிற் பயின்றவரே. எழுத்தறியாச் சிறுவனும் வெண்பாவையும் விருத்தத்தையும் சந்தி பிழையாது சொல்லும் ஆற்றலை அங்கே பெற்றான். நாம் இலக்கணம் கற்பித்து எய்த இயலாத ஒன்றை அச்சபைகள் செவியின் வழியாகவே எய்தின. ஆயின் அதற்குக் கொடுத்த விலை பள்ளி. நாடகக் கொட்டகை ஊர்விட்டு ஊர் செல்ல, சிறுவனும் உடன் சென்றான். மகரக்கட்டு வந்து குரல் உடைந்த நாளில், பள்ளியும் இன்றி மேடையும் இன்றி நின்றவர் பலர். புகழ்பெற்றோரை நாம் எண்ணுகின்றோம். குரல் உடைந்தோரை எண்ணுவதில்லை.

இரண்டாவது முயற்சியே இக்கட்டுரைக்கு நடுவானது. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கல் என்னும் சிற்றூரில் 2002 முதல் 2020 வரை கட்டைக்கூத்துக் குருகுலம் நடைபெற்றது. பெருங்கட்டூர்ப் பொன்னுசாமியின் மகனும் கூத்தாசிரியருமான பெ. இராசகோபாலும், நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர் ஹன்னே டி புருயினும் அதனை நடத்தினர். (பழவேற்காட்டில் 17-ஆம் நூற்றாண்டிற் கோட்டை கட்டிய டச்சுக்காரர் துணி வாணிகத்துக்காக வந்தனர், அந்நாட்டினின்றும் கூத்துக்காக ஒருவர் தொண்டை மண்டலத்துக்கு வர மூன்றரை நூற்றாண்டுக்கு மேற் சென்றது.) கூத்தர் தமக்கென 1990-இல் அமைத்துக்கொண்ட கட்டைக்கூத்துச் சங்கத்தின் வழியே இக்குருகுலம் தோன்றிற்று. ‘தெருக்கூத்து’ என்னும் பெயரில் ஏளனம் ஒலிக்கின்றதெனக் கருதி, அரச வேடங்கள் அணியும் மரத்தாலாகிய முடி, தோளணி, மார்பணி ஆகிய ‘கட்டை’யின் பெயரால் தம் கலையை அவர்கள் அழைத்தனர். இப்பெயர் வழக்கைப் பிற கூத்து மரபினர் யாவரும் ஏற்றுக்கொண்டாரல்லர். அவ்வாதம் ஈண்டு வேண்டுவதன்று.

இராசகோபால் தாம் சிறு வயதிலேயே பள்ளியை விட்டு மேடையேறியவர். ஆதலின் பாலர் சபையின் குறையை நூலிற் படித்து அறிய வேண்டிய தேவை அவருக்கு இருந்ததில்லை. பிள்ளை கூத்தையோ பள்ளியையோ தேர்ந்துகொண்டு மற்றொன்றை இழத்தல் கூடாதென்பதே குருகுலத்தின் அடிப்படை. உண்டியும் உறையுளும் அங்கேயே அமைய, பொதுப்பள்ளிப் பாடங்களும் கூத்துப் பயிற்சியும் ஒரே கூரையின்கீழ் நடந்தன. பதினெட்டு ஆண்டு என்பது ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வளர்ந்து ஆளாகும் காலம். கற்பார்க்கு வேண்டும் காலத்தைக் கொடுக்க முடியும், அதற்காகப் பள்ளியை இழக்க வேண்டுவதில்லை என அக்குருகுலம் செய்து காட்டிற்று. இதுவே அதன் தலையாய பேறு.

அதனினும் பெரியதெனக் கொள்ளத்தக்கது மற்றொன்று. கூத்து மரபில் ஆடவரே பெண்வேடமும் தரித்து வந்தனர். குருகுலமோ பெண்பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டதோடு, அவர்களைத் திரௌபதியாக மட்டும் நிறுத்திவிடவில்லை. கட்டைவேடத்தையும் அவர்கட்கு அளித்தது. துகில் உரியும் கூத்தில் பெண்ணொருத்தி துரியோதனனாக நின்று ஆணையிடும்போது, அந்நிகழ்ச்சியின் பொருளே வேறாகின்றது. திரௌபதி அவைக்களத்தில் எழுப்பிய வழக்கை இதுகாறும் ஆடவர் இருவர் தம்முள் வாதிட்டனர். இனி அதனை வாதிடும் உரிமை பெண்பிள்ளைக்கு உண்டாயிற்று. எவ்வூர்ப் பாரத விழாவும் இதனைத் தானே செய்திருக்குமெனக் கருத இடமில்லை. ஊர் மரபு முழுமையைத் தந்தது. பள்ளி மரபு வாயிலைத் திறந்தது. ஊர்க்கூத்தைப் புகழ்ந்து பள்ளியை இகழ்வோர் இவ்வேறுபாட்டை மறத்தல் கூடாது.

குறைகளும் உள. குருகுலம் தனித்தீவாகவே இருந்தது. அங்குப் பயின்ற முறை அரசுப் பள்ளிகளின் முறையாகப் பரவவில்லை. உறைவிடக் கல்வியாதலின் பெற்றோரைப் பிரிந்து வர இயன்ற பிள்ளைகளுக்கே அது பயன்பட்டது. இராசகோபால் ஒருவரே ஆசிரியர், இயற்றுநர், நடிகர் என நின்றமையால், ஒரு பாணியின் ஆழம் கிடைத்ததேயன்றிப் பிற பாணிகளோடு ஒப்பிட்டறியும் வாய்ப்பு குறைந்தது. 2017-இல் கர்நாடக இசைக்கலைஞர் சங்கீதா சிவகுமார், டி. எம். கிருஷ்ணா ஆகியோரோடு இணைந்து ‘கர்நாடகக் கட்டைக்கூத்து’ அரங்கேறியபோது நகரத்தார் பெரிதும் வியந்தனர். இரு கலைகளும் ஒரே மேடையில் சமமாக அமர்ந்தமை சிறப்பே. ஆயினும் நகரத்து வியப்பு, கூத்தைச் சபா நிகழ்ச்சியின் காலவளவுக்குள் கொணர்ந்த பின்னரே பிறந்ததென்பதையும் குறித்தல் வேண்டும்.

இனி, அனுப்பம்பட்டுப் பக்கத்து மாணவனிடம் மீள்வோம். அவனுக்குக் குருகுலம் எட்டாதது. அது இன்று இல்லை. ஏழாண்டு முழுநேரப் பயிற்சியும் அவனுக்கு வேண்டுவதன்று. வேண்டுவது, முழுமையான ஒரு கூத்தில் அவனுக்குரிய ஒரு சிறு பங்கு. பத்து மணித்துளிக் கூத்தில் கர்ணனாக நடிப்பதைவிட, ஓர் இரவு முழுதும் நடக்கும் கூத்தில் பின்பாட்டுப் பாடுவதும் தாளம் போடுவதும் சிறந்த கல்வி. முதலாண்டில் தாளம், மறுவாண்டில் பின்பாட்டு, அதன்பின் ஒரு சிறு வேடம் என அவன் வளரின், ஒன்பதாம் வகுப்பு முடியுமுன் ஒரு கூத்தின் தருவும் விருத்தமும் வசனமும் அவன் செவியிற் பதிந்துவிடும். கூத்தர் குடும்பத்துப் பிள்ளைகள் காலங்காலமாகப் பயின்ற வழியும் பெரும்பாலும் இதுவே.

பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. மீன் மிகுதியாகக் கிடைக்கும் நீர்ப்பகுதிகளை வலியவர் கைக்கொள்ளாவண்ணம், உரிமையுடைய மீனவர் குடும்பங்கள் சீட்டுப்போட்டு முறைவைத்து வலை இடுவர். இன்று ஒருவர்க்கு வாய்த்த இடம் நாளை மற்றொருவர்க்கு. அம்முறைக்குப் புறம்பே நிறுத்தப்பெற்றோர் உண்டு. அவர்தம் குறையும் நியாயமானதே. ஆயினும் இதனை அறிந்து வளரும் பிள்ளைக்குப் பள்ளி கலையைக் கற்பிக்கும்போது, ஒருவன் வெல்லப் பலர் வெளியேறும் போட்டி ஒன்றையே வடிவமாகக் காட்டுகின்றது. கூத்தில் எல்லா வேடத்துக்கும் தனித்தனியே திரை பிடிக்கப்பெறும். சிறு வேடமும் திரைக்குப் பின்னின்று பாடித் தன் வரவை அறிவித்த பின்னரே வெளிவரும். கலைத் திருவிழாவை நடத்துவோர் போட்டியை நீக்க வேண்டுமென யாம் கூறவில்லை. ஆண்டுதோறும் ஒரு வட்டாரத்தில் ஒரு கூத்தேனும் முழுமையாக, பல பள்ளிப் பிள்ளைகள் கூடி, கூத்தாசிரியர் ஒருவரின்கீழ் ஆடுமாறு செய்யலாம். வேனில் விடுமுறைக்கும் பாரத விழாக் காலத்துக்கும் நெருங்கிய தொடர்பு இருத்தலின் அதற்குக் காலமும் வாய்ப்பாக உள்ளது.

பாரத விழாவைப்பற்றி மேலும் ஒன்று. அவ்விழாவிற் பகலில் வில்லிபாரதம் படித்துப் பொருள் கூறப்பெறும். இரவில் அக்கதை கூத்தாகும். அருச்சுனன் தவத்தின்போது உயர்ந்த தபசு மரத்தின்மீது வேடம் பாடிக்கொண்டே ஏறும். இறுதியில் துரியோதனன் படுகளமும் தீமிதியும் நிகழும். பாடம், உரை, காட்சி, சடங்கு என்னும் நான்கும் ஒரே காப்பியத்தைச் சுற்றி நாட்கணக்கில் நடைபெறும் இத்தகைய இலக்கியக் கல்வியை எப்பல்கலைக்கழகமும் அமைத்ததில்லை. வில்லிபாரதத்தின் சில செய்யுட்களை மனப்பாடப் பகுதியாக ஓதும் மாணவன், அடுத்த ஊரில் அதே காப்பியத்தைப் பல நாட்கள் கேட்டிருக்கக் கூடும். அவனுடைய ஆசிரியர் அதனை வினவியதில்லை.

அவ்வாசிரியரைக் குறை கூறும் தகுதி தமிழ்த்துறையினராகிய நமக்கு உண்டோ என்பது ஐயமே. பரிதிமாற் கலைஞர் 1897-இல் நாடகவியல் இயற்றினார். விபுலாநந்த அடிகள் 1926-இல் மதங்க சூளாமணியில் சேக்சுபியரின் நாடகங்களைத் தமிழ்நெறிக்குப் பொருத்தி ஆராய்ந்தார். இரண்டும் பெருநூல்களே. தம் காலத்தே ஊர்தோறும் ஆடப்பெற்ற கூத்து அவற்றின் ஆராய்ச்சிப் பொருளாகவில்லை. அடியார்க்கு நல்லார் பெயர் மட்டும் சுட்டிச்சென்ற நாடகத்தமிழ் நூல்கள் மறைந்தமைக்கு நாம் இன்றும் இரங்குகின்றோம். கூத்து நூல்களோ நம் கண்முன்னே மலிவுப் பதிப்புகளாக அச்சேறிப் பிழை மலிந்து கிடக்கின்றன. கூத்தாசிரியர் வாய்மொழிக்கும் அச்சிட்ட நூலுக்கும் உள்ள வேறுபாடு வரிக்கு வரி காணக்கிடக்கின்றது.

பள்ளிப் பிள்ளைக்கு முழுமையான கர்ண மோட்சம் வேண்டுமென்று கேட்போமானால், அதற்கு முன்னர் ஆசிரியர் கையிற் கொடுக்கத்தக்க கர்ண மோட்சப் பதிப்பு ஒன்று வேண்டும். வடக்குப் பாணிக் குழுக்கள் மூன்று நான்கினிடம் பாடங்கேட்டு, ஒவ்வொரு தருவுக்கும் தாளமும் ஆட்டமும் குறித்து, அச்சுப்பிரதியோடு ஒப்பிட்டுப் பாடவேறுபாடு காட்டி, பொன்னுருவிப் பகுதி எவ்வெக்குழுவில் எவ்வளவு விரிந்து நடக்கின்றதெனத் தனியே ஆராய்தல் வேண்டும். முதுகலை மாணாக்கர் இருவர் ஒரு கூத்துப் பருவம் முழுதும் உடன் சென்றால் தொடங்கத்தக்க பணி அது. பொன்னேரி வட்டத்துப் பாரத விழாக்களிலிருந்தே அதனைத் தொடங்கலாம்.